அனிதாவின் பெயர் உளவுத்துறைக் கோப்புக்குள் எப்படிப் போனது?

2023 ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றக் கொலீஜியம் வெளியிட்ட தீர்மானத்தைத் தோழர்களில் சிலர் அப்போதே படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னை வழக்கறிஞர் ஆர். ஜான் சத்யனை உயர் நீதிமன்ற நீதிபதியாக்க வேண்டும் என்று கொலீஜியம் 2022 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு முட்டுக்கட்டை போட்டது. அதற்குக் காட்டிய ஆதாரம், ஐ.பி. என்று நாம் சொல்லும் மத்திய உளவுத்துறை கொடுத்த அறிக்கை. அதில் அவருடைய இரண்டு சமூக ஊடகப் பதிவுகள் குறிக்கப்பட்டிருந்தன. ஒன்று, பிரதமரை விமர்சித்து இணைய இதழில் வந்த ஒரு கட்டுரையை அவர் பகிர்ந்தது. இன்னொன்று, அனிதாவின் மரணத்தை அரசியல் துரோகம் செய்த கொலை என்று சித்திரித்தது.

ஆம், நம் அனிதாதான். அரியலூர் மாவட்டம் குழுமூரில் மூட்டை தூக்கிப் பிழைத்தவரின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 மதிப்பெண் எடுத்தும், நீட்டால் மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்க முடியாமல் 2017 செப்டம்பர் 1 அன்று நம்மைவிட்டுப் போன பிள்ளை. அந்த வாரம் தமிழ்நாட்டில் அவருக்காக நான்கு வரி எழுதாதவர் யார்? இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் எழுதியிருப்பீர்கள். நானும் எழுதினேன். அந்த நான்கு வரி, தேசத்தின் உள்நாட்டுப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்பின் கோப்பில் ஏறும் அளவுக்கு என்ன ஆபத்தைக் கொண்டிருந்தது?

இத்தனைக்கும் அதே அறிக்கை, அவருக்கு நல்ல பெயர் இருக்கிறது என்றும், வெளிப்படையான அரசியல் சார்பு எதுவும் இல்லை என்றும் சொல்லியிருக்கிறது. கொலீஜியம் அதைத்தான் எடுத்துக்காட்டி, கருத்துச் சொன்னதால் ஒருவர் நீதிபதியாகும் தகுதியை இழந்துவிட மாட்டார் என்று அவர் பெயரை மீண்டும் அனுப்பியது. கோப்பு அப்போதும் நகரவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் இந்தத் தாமதத்தைக் குறிப்பிட்டுக் கொலீஜியம் மறுபடியும் கவலை தெரிவிக்க வேண்டிவந்தது. இதற்கிடையே, அதே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு பிப்ரவரியில் நியமனமான வேறொருவர் சிறுபான்மையினருக்கு எதிராகப் பேசியிருக்கிறார் என்று வழக்கறிஞர்கள் புகார் கிளப்பினார்கள். பரிந்துரை செய்த பிறகே அது எங்கள் கவனத்துக்கு வந்தது என்றார் தலைமை நீதிபதி. அனிதாவுக்கான பதிவைத் தேடிப் பிடித்த கண்களுக்கு, இணையத்தில் கிடந்த காணொளிகள் தட்டுப்படவில்லை போலும்.

அன்றைய ஒன்றியச் சட்ட அமைச்சருக்குக் கோபம் வந்தது. அறிக்கையில் இருந்த செய்திக்காக அல்ல. அறிக்கையை வெளியே சொல்லிவிட்டார்களே என்பதற்காக. அது தீவிரக் கவலைக்குரியது என்றார்.

காலனிய மெட்ராஸ் போலீஸைப் பற்றி ஆய்வு செய்யும் எனக்கு, இந்த இரண்டு பத்தி அறிக்கையில் பழகிய வாடை அடித்தது. ஒருவர் என்ன செய்தார் என்பதைவிட, அவர் யார், யாருக்காக வருந்துகிறார் என்று பார்த்துக் குறித்துவைக்கும் எழுத்துமுறை அது. அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

‘தக் லைஃப்’ என்று மீம் போடுகிறோம் அல்லவா, அந்தத் ‘தக்’கில் இருந்துதான் தொடங்க வேண்டும். வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரித்துக் கொன்று கொள்ளையடிக்கும் கூட்டங்கள் வட இந்தியாவில் இருப்பதாகவும், அவர்கள் தலைமுறை தலைமுறையாக இதையே தொழிலாகவும் வழிபாடாகவும் செய்வதாகவும் கம்பெனி அதிகாரிகள் 1830களில் முடிவு கட்டினார்கள். வில்லியம் ஸ்லீமன் தலைமையில் அவர்களை ஒழிக்க ஒரு தனி இலாகா வந்தது. கொலையும் கொள்ளையும் நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1836இல் போட்ட சட்டத்தைப் பாருங்கள். ஒருவர் கொலை செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. எப்போதாவது, அந்தச் சட்டம் வருவதற்கு முன்பேகூட, ஒரு தக் கூட்டத்தைச் சேர்ந்தவராக இருந்தார் என்று காட்டினால் போதும், கடுங்காவலோடு ஆயுள் தண்டனை. சாட்சி யார்? பிடிபட்டு அப்ரூவராக மாறியவர்கள். அவர்கள் வாயைப் பிடுங்கி ஸ்லீமன் வம்சாவளி வரைபடங்கள் தயாரித்தார். இன்னார் மகன் இன்னார், இன்னாருக்கு மாமன் இன்னார் என்று. ஜபல்பூரில் அப்ரூவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் அடைத்துவைத்துக் கம்பளமும் கூடாரத் துணியும் நெய்ய வைத்தார்கள். பிள்ளைகள் என்ன குற்றம் செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இரத்தம் போதுமான ஆதாரமாக இருந்தது.

பிறப்பை வைத்துக் குற்றத்தைக் கணிக்கும் இந்தப் புத்தியை வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தான் என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு வழியில்லை. தச்சன் மகன் தச்சன், செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைப்பவர் என்று சொல்லிக்கொடுக்க இங்கே ஆயிரமாண்டுப் பாடம் தயாராக இருந்தது. அப்படியென்றால் திருடன் மகன் திருடனாகத்தானே இருக்க வேண்டும்? சாதி தொழிலைப் பிறப்போடு கட்டியது, காலனிய அரசு குற்றத்தையும் ஒரு தொழிலாக அந்தப் பட்டியலில் சேர்த்தது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் அதன் முழு வடிவம். முதலில் வட இந்தியாவில். 1911 திருத்தத்துக்குப் பிறகு நம் மாகாணத்திலும்.

உசிலம்பட்டிப் பக்கம் பெரியவர்களிடம் பேசினால், குற்றப் பரம்பரைச் சட்டம் என்று சொல்ல மாட்டார்கள். ரேகைச் சட்டம் என்பார்கள். பத்து விரலையும் உருட்டிப் பதிய வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். இரவில் ஆண்கள் கச்சேரியிலோ சாவடியிலோ வந்து படுக்க வேண்டும். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் உட்பட 16 பேர் மாண்டார்கள். இந்த வரலாற்றைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. அதே வட்டாரத்தில்தான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை ஒரு பட்டியல் சாதியினர் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் நிலைத்து உட்கார முடியவில்லை. அரசின் சந்தேகத்தை அனுபவித்த சமூகம் தானாகச் சாதி எதிர்ப்புச் சமூகமாகிவிடாது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இப்போது 1887. காங்கிரஸ் தொடங்கி இரண்டு ஆண்டு. பதவி பறிக்கப்பட்ட பஞ்சாப் மகாராஜா துலீப் சிங் ரஷ்யாவுக்குப் போய் உதவி கேட்டுக்கொண்டிருந்தார். அரசியல், சமூக, மத இயக்கங்களைப் பற்றிய தகவலைத் திரட்ட ஒரு மத்தியத் தனிப்பிரிவு வேண்டும் என்று வைஸ்ராய் டஃபரின் அரசு முடிவு செய்தது. லண்டன் டிசம்பரில் ஒப்புதல் தந்தது. ஐ.பி. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது இதைத்தான். அந்தப் பிரிவை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? தக்குகளையும் கொள்ளையரையும் ஒழிக்க வைத்திருந்த அதே இலாகாவின் தலைவரிடம்.

செலவு மிச்சம், ஆள் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அலுவலகத்தோடு சேர்ந்து பழக்கமும் வரும். கூட்டம், தலைவன், சீடன், யாருக்கு யார் உறவு, எந்த ஊரில் யார் தங்குகிறார்கள், உள்ளிருந்து சொல்லும் ஆள் யார். கொள்ளைக் கூட்டத்துக்கு எழுதிய படிவத்தில் இயக்கங்களை நிரப்பத் தொடங்கினார்கள். கர்சன் காலத்துப் போலீஸ் கமிஷனுக்குப் பிறகு 1904இல் தக் இலாகா கலைக்கப்பட்டது. அதன் இடத்தில் ஹரால்ட் ஸ்டூவர்ட்டை இயக்குநராகக் கொண்டு மத்தியக் குற்றப் புலனாய்வுத் துறை வந்தது. 1920இல் அதற்கு இன்டெலிஜென்ஸ் பீரோ என்று பெயர். 1947இல் மெட்ராஸ் போலீஸ் அதிகாரியான டி.ஜி. சஞ்சீவி பிள்ளை முதல் இந்திய இயக்குநரானார். பெயர்ப்பலகை மாறியது, ஆள் மாறினார், எஜமானர் மாறினார். புதுக் குடியரசின் உளவு அமைப்பு எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று ஒரு சட்டம் எழுத வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு தெளிவு: குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஐ.பி. நடத்தவில்லை. மாகாணப் போலீஸ்தான் நடத்தியது. நான் சொல்வது ஆணைக் கோட்டைப் பற்றி அல்ல, சந்தேகம் யார் பக்கம் முதலில் திரும்பும் என்பதைப் பற்றி.

நான் உட்காரும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இதற்கு ஒரு வேடிக்கையான மறுபக்கம் உண்டு. சுயமரியாதை இயக்கத்தின், தொழிற்சங்கத்தின் வரலாற்றை எழுதியவர்கள் எல்லாருமே போலீஸின் ரகசியக் கோப்புகளுக்கும், சுதேசிப் பத்திரிகைகளைப் பற்றி அரசு தயாரித்த அறிக்கைகளுக்கும் கடன்பட்டவர்கள். மகாராட்டிர அரசு 1982இல் வெளியிட்ட அம்பேத்கர் இயக்க ஆவணத் தொகுப்பில் பம்பாய் போலீஸின் ரகசியச் சுருக்கங்கள் இருக்கின்றன. பாபாசாகேப் எந்த ஊரில் பேசினார், எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒற்றர் குறித்தது இன்று நமக்குச் சான்று. வெள்ளைக்காரன் வைத்த கோப்பை நான் சீட்டு எழுதிக் கொடுத்து எடுத்துப் படிக்கிறேன். 1947க்குப் பிறகு ஐ.பி. வைத்த கோப்பைக் கேட்க எந்த ஜன்னலும் இல்லை. நேதாஜி குடும்பத்தை 1948 முதல் 1968 வரை வேவு பார்த்த செய்தி 2015இல் வெளியே வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் போஸ் குடும்பத்தார், அதை வெளியிடுவதில் ஆட்சியாளர்களுக்கு ஆதாயமும் இருந்தது. தலித் பேந்தர்களைப் பற்றி, பெரியார் இயக்கங்களைப் பற்றி, இந்தியக் குடியரசுக் கட்சியைப் பற்றி அந்த அலமாரிகளில் என்ன இருக்கிறது? கேட்க நமக்கு எந்த அரண்மனையிலும் செல்வாக்கு இல்லை.

சட்டம் இல்லை என்று சொன்னேன். அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 8ஆம் பதிவில், ஒரு மத்திய உளவு, புலனாய்வு அமைப்பைப் பற்றி ஒற்றை வரி இருக்கிறது. அவ்வளவுதான். ஐ.பி.யைத் தோற்றுவித்து, அதன் வேலையையும் எல்லையையும் வரையறுக்கும் சட்டம் இன்றுவரை கிடையாது. அதைப் பற்றி நாடாளுமன்றம் சட்டமே போடவில்லை என்றும் சொல்ல முடியாது. 1985இல் ஒன்று போட்டது. உளவு அமைப்புகளின் ஊழியர்கள் சங்கம் வைக்கக்கூடாது என்பதற்கு! தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபோது அதன் இரண்டாவது அட்டவணையில் ஐ.பி.க்கு விலக்கு. அவசரநிலைக்குப் பிறகு ஜனதா அரசு எல்.பி. சிங் தலைமையில் ஒரு குழு போட்டது. அதிலிருந்து எந்தச் சட்டமும் பிறக்கவில்லை. 2011இல் மணீஷ் திவாரி தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவும் சட்டமாகவில்லை. காங்கிரஸ், ஜனதா, பா.ஜ.க. என்று எல்லாக் கொடியும் வந்து போயின. எதிர்க்கட்சியாக இருக்கும்போது ஒட்டுக்கேட்பைப் பற்றிக் கத்துகிறவர்கள், நாற்காலியில் உட்கார்ந்ததும் காலை அறிக்கையை ருசித்துப் படிக்கிறார்கள்.

ஐ.பி.க்குக் கைது செய்யும் அதிகாரம் இல்லை, அது தகவல் மட்டும்தானே கொடுக்கிறது என்று கேட்கலாம். அதுதான் சிக்கல். கைது செய்பவர் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். தகவல் கொடுப்பவர் எங்கும் நிற்க வேண்டியதில்லை. 2004இல் குஜராத்தில் இஷ்ரத் ஜகான் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் சி.பி.ஐ., ஐ.பி. அதிகாரிகளின் பெயரையும் 2014இல் குற்றப்பத்திரிகையில் சேர்த்தது. அவர்கள் மீது வழக்கு நடத்த உள்துறை அமைச்சகம் அனுமதி மறுத்தது. குற்றம் செய்தார்களா இல்லையா என்று ஒரு நீதிமன்றம் கேட்டுப் பார்க்கும் வாய்ப்பே இல்லாமல் போனது.

சட்டம் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்று ஒரு தோழர் என்னிடம் காட்டமாகக் கேட்டார். என்.ஐ.ஏ.வுக்குச் சட்டம் இருக்கிறதே! நியாயமான கேள்வி. மும்பைத் தாக்குதல் நடந்த சூட்டில், 2008 டிசம்பரில், ப. சிதம்பரம் உள்துறை அமைச்சராக இருந்தபோது அந்தச் சட்டமும், ஊபாவில் ஜாமீனைக் கிட்டத்தட்ட எட்டாக்கனியாக்கிய திருத்தமும் ஒரே மூச்சில் நிறைவேறின. நம் ஊர்க் கட்சிகள் அந்தக் கூட்டணி ஆட்சியில் அங்கம் வகித்தன என்பதை மறக்க வேண்டாம். மாநிலத்தின் ஒப்புதல் கேட்காமலே வழக்கை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அதிலேயே இருந்தது. 2020 ஜனவரியில், மகாராட்டிரத்தில் ஆட்சி மாறி, பீமா கோரேகான் வழக்கை மறுபரிசீலனை செய்யலாம் என்ற பேச்சு எழுந்தவுடன் என்.ஐ.ஏ. அந்த வழக்கைத் தூக்கிக்கொண்டது. ஆனந்த் டெல்டும்டே சரணடைந்து கைதான நாள், ஏப்ரல் 14. எந்த நாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 84 வயது ஸ்டேன் சுவாமி 2021 ஜூலை 5 அன்று விசாரணைக் கைதியாகவே இறந்தார்.

ஆகவே சட்டம் காப்பாற்றிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த வழக்குக்கு ஓர் எண் இருந்தது, குற்றப்பத்திரிகை இருந்தது. அதை எடுத்துப் படித்துத்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் 2022 நவம்பரில் டெல்டும்டேவுக்கு ஜாமீன் தந்தது. கணினிக்குள் ஆவணங்கள் வெளியிலிருந்து திணிக்கப்பட்டன என்று ஓர் அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் அறிக்கை தந்ததும், ஆதாரம் என்று ஒன்றை நீதிமன்றத்தில் காட்ட வேண்டியிருந்ததால்தான் முடிந்தது. ஜான் சத்யன் எந்த நீதிமன்றத்தில் எந்த ஆதாரத்தை மறுப்பார்? கொலீஜியம் வாய் திறந்திருக்காவிட்டால், தனக்கு எதிராக என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதே நமக்குத் தெரிய வந்திருக்காது.

இதில் நம்மைத் தொடும் இடம் எங்கே? கல்லூரிக்குப் போன முதல் தலைமுறைப் பிள்ளைகளின் வீட்டில்தான். “போராட்டம் கீராட்டம்னு போயிடாத, கவர்மெண்ட் வேலைக்கு வெரிஃபிகேஷன் வரும்” என்று எங்கள் அம்மா எனக்குச் சொன்னதை, உங்கள் அம்மாவும் சொல்லியிருப்பார். அந்தப் பயம் எல்லாச் சாதிக்கும் ஒரே அளவில் இல்லை. அப்பாவின் கம்பெனிக்கோ அமெரிக்காவுக்கோ போகப்போகிறவனுக்குக் கோப்பில் பெயர் ஏறினால் அது பின்னாளில் சொல்லிக்கொள்ள ஒரு கதை. அரசு வேலை ஒன்றே ஏணியாக இருக்கும் சேரிப் பிள்ளைக்கு ஏணியே போய்விடும். தமிழ்நாட்டுக் காவலர் தேர்வு விதிகளில், சந்தேகத்தின் பலனைத் தந்து நீதிமன்றம் விடுவித்தவரைக்கூட வழக்கில் தொடர்புடையவராகவே கருதும் விளக்கம் இருக்கிறது. எந்தத் தெருவில் பொய் வழக்கு எளிதாகப் போடப்படுகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். ‘ஜெய் பீம்’ பார்த்துவிட்டு அழுதோம். அதற்கு மூலமான ராஜாக்கண்ணு கொலை நடந்தது 1993இல். குற்றப் பரம்பரைச் சட்டம் மெட்ராஸில் ஒழிந்து 46 ஆண்டுகளுக்குப் பிறகு.

ஒழிந்த மறு ஆண்டே, 1948இல், பழக்கக் குற்றவாளிகள் சட்டம் இங்கே வந்துவிட்டது. சாதிப் பெயரை எடுத்துவிட்டு ஆளை வைத்துக்கொண்டார்கள். 2024 மே மாதம் டெல்லி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமே, ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த ஒன்றுமறியாதவர்களின் பெயர் இயந்திரத்தனமாக ஹிஸ்டரி ஷீட்டில் ஏற்றப்படுவதைச் சுட்டிக்காட்டி, மாநிலங்கள் எல்லாம் இதைக் கவனிக்க வேண்டும் என்றது. அக்டோபரில், சிறைக்குள் சாதி பார்த்து வேலையும் அறையும் ஒதுக்கும் விதிகளை ரத்து செய்த தீர்ப்பிலும் சீர்மரபினர் மீதான இந்தப் பழைய முத்திரை பேசப்பட்டது. பாளையங்கோட்டைச் சிறை அந்த வழக்கில் ஓர் உதாரணம்.

காவல் நிலையத்துப் பேரேட்டைப் பற்றி நீதிமன்றம் பேச முடிகிறது. காரணம், அதற்கு விதி இருக்கிறது, நிலையாணை இருக்கிறது. டெல்லி அலமாரியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் முதலில் அதற்கும் ஒரு சட்டம் வேண்டும். என்ன காரணத்துக்காக ஒரு குடிமகன் மீது கோப்பு திறக்கலாம், எத்தனை ஆண்டில் மூட வேண்டும், எப்போது காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும், நாடாளுமன்றத்தில் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். பிரிட்டன் தன் எம்.ஐ.5க்கு 1989இல் சட்டம் எழுதியது. நமக்கு இந்தச் சொத்தை எழுதிவைத்துவிட்டுப் போனவர்களே அங்கே திருத்திக்கொண்டார்கள், நாம் 1887இலேயே நிற்கிறோம்.

தகவல் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் ஒரு சிறு இடுக்கு இருக்கிறது. மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டு என்றால் விலக்குப் பெற்ற அமைப்பும் தகவல் தர வேண்டும். மத்தியத் தகவல் ஆணையம் ஒப்புதல் தர வேண்டும், 45 நாள் கெடு. இரண்டு வழக்கறிஞர் தோழர்களோடு சேர்ந்து அதன் கீழ் ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று கேள்விகள். நீட் எதிர்ப்புப் பதிவுகளைக் கண்காணிக்கச் சொன்ன ஆணை எது? அந்த ஆணையின்படி எத்தனை பேர் மீது குறிப்பு எழுதப்பட்டது? அதில் பட்டியல் சாதி, பழங்குடி, சீர்மரபினர் எத்தனை பேர்? இந்த மூன்றாவது கேள்விக்கு, அந்த விவரம் பராமரிக்கப்படவில்லை என்று பதில் வரும் என்கிறார் ஒரு தோழர். எழுத்தில் வரட்டும்.